மோரிஸ் மைனர்: சஸ்பென்ஷனை முழுக்கப் பிரிச்சு மாட்டின பிறகு வண்டி ஒரு பக்கமா சாயுது

பள்ளத்தூரான்

எல்லாருக்கும் வணக்கம். வண்டி 1951 மோரிஸ் மைனர். ரெண்டு துண்டு முன்கண்ணாடி, 918 சிசி சைடு வால்வு இன்ஜின். எங்க ஐயா கொழும்புக் கடையை மூடிட்டு ஊருக்கு வந்தப்ப கொண்டுவந்தது. அப்பச்சி காலத்துல கொஞ்சநாள் ஓடிச்சு. அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல பின்கட்டு மோட்டார் ஷெட்டுலயே கிடந்துச்சு. இன்ஜினைப் போன வருஷம் முடிச்சாச்சு. இந்த வருஷம் சஸ்பென்ஷன்.

முன்னாடி கிங்பின், டிரனியன், ஐபோல்ட் புஷ், டை ராட் ரப்பர் எல்லாம் புதுசு. லீவர் ஷாக் ரெண்டையும் சீல் மாத்தி எண்ணெய் நிரப்பியாச்சு. டார்ஷன் பாரை (முறுகி ஸ்பிரிங் வேலை செய்யுற நீளக் கம்பி) கழட்டித் துடைச்சு மாட்டினோம். பின்னாடி கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்) ரெண்டும் தூங்கிப்போய் இருந்ததால லாரி பட்டை அடிக்கிற பட்டறையில குடுத்து வளைவு ஏத்தி வாங்கினோம். ஷேக்கிள் புஷ்ஷும் புதுசு.

கீழ இறக்கிப் பாத்தா டிரைவர் சைடு முன்பக்கம் படுத்திருக்கு. முன் பம்பர் மேல ரசமட்டம் வெச்சு, குமிழ் நடுவுக்கு வர்ற வரைக்கும் ஒரு பக்கம் கட்டை சொருகி அளந்தேன். 9 நூல் வித்தியாசம் (எட்டு நூல் ஒரு இஞ்ச்). இஞ்ச் கணக்குல ஒண்ணே கால் அரைக்கால், அதாவது ஒரு இஞ்ச்சுக்கு மேல ஒரு நூல். மெக்கானிக் அண்ணன் "ஓட ஓட செட் ஆயிடும் தம்பி"ங்கிறார். எனக்கு மனசு ஒப்பலை. டார்ஷன் பாரை, அது முனையில இருக்கிற பல்லுல ஒரு பல் தள்ளி மாட்டிடலாமா?

ஃபியட்பிரியன்

முதல்ல வாழ்த்து! படத்தைப் பாத்ததும் பொறாமை. எங்க பத்மினி கார்லயும் இதே கதை நடந்துச்சு. ஷாக் அப்சார்பரைப் பாருங்க. ஒரு பக்கம் எண்ணெய் குறைச்சலா நிரப்பியிருப்பாங்க, அதான் படுத்திருக்கு.

கமான்பட்டை

ஃபியட்பிரியன், ஷாக் எடை தாங்குவதில்லை. ஆட்டத்தை அடக்குவது மட்டுமே அதன் வேலை. எண்ணெயே இல்லாமல் போனாலும் நின்றிருக்கும் வண்டி அதே உயரத்தில்தான் நிற்கும், தொட்டால் ஊஞ்சல் மாதிரி ஆடும், அவ்வளவுதான். மைனரில் முன்பக்க ஷாக்கின் கைதான் சக்கரத்தைத் தாங்கிப் பிடிக்கும் மேல் ஆர்மாகவும் வேலை செய்கிறது. அதனால் பலருக்கும் இந்தக் குழப்பம் வரும். எடையைச் சுமப்பது கீழ் ஆர்மில் சொருகியிருக்கும் டார்ஷன் பார்.

பள்ளத்தூரான், ஒண்ணே கால் அரைக்கால் என்றால் 11 நூல். ஒண்ணே அரைக்கால்தான் 9 நூல். எங்கள் பட்டறையில் இப்படிச் சொல்லியிருந்தால் டீ வாங்கித் தர வேண்டியிருக்கும்.

பல் தள்ளும் யோசனையை இப்போதைக்கு விடுங்கள். மூன்று கேள்வி. தரை மட்டமா? டயர் நாலும் ஒரே அளவா, காற்று சமமா? பின்பக்கம் அளந்தீர்களா?

பம்பர் மேல் ரசமட்டம் வைத்தது எனக்குப் பிடிக்கவில்லை. 1948 கண்காட்சிக்கு முன்னால் கடைசி நேரத்தில் வண்டியை 4 இஞ்ச் அகலப்படுத்தியபோது, ஏற்கெனவே செய்து வைத்திருந்த பம்பர்களை நடுவில் வெட்டித் துண்டு வைத்து ஒட்டுப்போட்டார்கள். உங்களுடையது பிந்திய வண்டிதான். ஆனாலும் எழுபது வருஷத்தில் அந்த பம்பர் எத்தனை சுவரில் முட்டியதோ யார் கண்டார்கள்? சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளங்கள். மட்கார்டும் போல்ட்டில் மாட்டியதுதான் என்பதால் கீழ் ஆர்மின் உள் முனைக்கும் வெளி முனைக்கும் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டின் வித்தியாசம்தான் ஆர்ம் நிற்கும் சாய்வைக் காட்டும். டயரோ தகடோ அதில் தலையிடாது.

பள்ளத்தூரான்

அண்ணே, கணக்கு தப்புதான், டீ என் பொறுப்பு. 9 நூல் சரி, வாய்தான் குழறிடுச்சு.

டயர் நாலும் ஒரே சைஸ், முன்னாடி ரெண்டுக்கும் 22 பவுண்டு. தரை மட்டமாத்தான் இருக்கும்னு நெனச்சேன். ஆத்தங்குடிக் கல் பதிச்ச ஷெட் அது. அந்தக் காலத்துல மோட்டாருக்குக் கூடப் பூக்கல் போட்ட வீடு. என்னத்தைச் சொல்ல.

செக்காலை_ஸ்பேனர்

பூக்கல் இருக்கட்டும் அண்ணே. ஷெட்டைக் கழுவுற தண்ணி எங்க போகும்? மழைத்தண்ணியை ஒரு சொட்டு விடாம வழிச்சு எடுக்கிற மாதிரி கட்டின வீடுங்க நம்ம ஊர்ல. ஷெட்டுக்கும் வாட்டம் குடுத்திருப்பாங்க. வீட்டு வேலைக்கு வர்ற கொத்தனார்கிட்ட டியூப் மட்டம் கேளுங்க. தண்ணி நிரப்பின டியூப்பை ரெண்டு டயர் ஓரமும் வெச்சுப் பாத்தா அஞ்சு நிமிஷத்துல தெரிஞ்சிடும்.

பள்ளத்தூரான்

பாத்தாச்சு. ரெண்டு முன் டயருக்கும் நடுவுல தரையே டிரைவர் பக்கம் 3 நூல் இறக்கம். சலதாரை அந்தப் பக்கம்தான். ஐயா கட்டினப்ப மேஸ்திரி செஞ்ச வாட்டம், நான் டார்ஷன் பார் மேல பழி போட்டுட்டு இருந்தேன்.

வண்டியைத் தள்ளிட்டு வந்து வாசல்ல சிமெண்டுத் தளத்துல நிறுத்தினேன். டியூப் வெச்சுப் பாத்து, குறைஞ்ச இடத்துல தகடு கொடுத்து நாலு டயரும் ஒரே மட்டம். இப்ப சக்கர நடுவுலேர்ந்து மட்கார்டு வரைக்கும் அளந்தா டிரைவர் சைடு 6 நூல் கம்மி. ஆர்ம் சாய்வும் அதுக்கு ஏத்த மாதிரிதான் காட்டுது, மட்கார்டு மேல குத்தம் இல்லை.

யாழ்_மைனர்

வணக்கம். யாழ்ப்பாணத்திலயிருந்து எழுதுறன். எங்கட பக்கம் மைனரும் ஆஸ்டின் ஏ40யும் இண்டைக்கும் ஓடுது. ஒரு காலத்தில இலங்கையிலயே மைனருக்குப் பாகங்கள் செய்து வெளிநாட்டுக்கு அனுப்பினவை.

முதல்ல ஒண்டு சொல்லுங்கோ. பாரைக் கழட்டேக்க எது இடப்பக்கம், எது வலப்பக்கம் எண்டு அடையாளம் வைச்சனீங்களோ? வருசக்கணக்கா ஒரு பக்கமா முறுகிப் பழகின பாரை மற்றப் பக்கம் மாட்டினால் அது எதிர்ப்பக்கமா முறுகும். உயரமும் சரிவராது, ஒருநாள் உடைஞ்சும் போகும். பாரின்ர உடம்பில உளியாலயோ சென்டர் பஞ்ச் ஆணியாலயோ குறி போடவும் கூடாது. அந்தக் கீறல்ல இருந்துதான் வெடிப்புத் தொடங்கும்.

அடுத்தது, பாரில பாரம் இருக்கேக்க பாரின்ர பின் முனையைப் பிடிச்சிருக்கிற லீவரின்ர போல்ட்டைக் கழட்டாதேங்கோ. எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் சக்கரம் நிலத்தில நிக்கேக்கயே கழட்டப் போய், லீவர் அடிச்சு முன்கை எலும்பு உடைஞ்சது. காரைத் தூக்கி, ஆர்மைத் தொங்கவிட்டு, பாரின்ர முறுக்கு முழுக்க இறங்கினாப் பிறகுதான் கை வைக்கலாம்.

பள்ளத்தூரான்

நல்லவேளை, மெக்கானிக் அண்ணன் டிரைவர் சைடு பாருக்கு மஞ்சக்கயிறு கட்டி வெச்சிருந்தார். கழட்டின அன்னைக்கு எடுத்த படத்துலயும் கயிறு தெரியுது, மாட்டின பிறகு எடுத்த படத்துலயும் அதே பக்கம் தெரியுது. எந்தப் பல்லுல இருந்துச்சுன்னு மட்டும் குறிக்கலை.

செக்காலை_ஸ்பேனர்

அண்ணே, புஷ் எல்லாம் எப்ப இறுக்குனீங்க? வண்டி ஸ்டாண்டு மேல தொங்கும்போதேவா?

பள்ளத்தூரான்

ஆமா. அப்பதானே ஸ்பேனர் போகுது?

செக்காலை_ஸ்பேனர்

அங்கதான் ஒரு பங்கு தப்பு. ரப்பர் புஷ் வழுக்கிச் சுத்துற சாமான் இல்லை. நட்டை இறுக்கினதும் ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிச்சுக்கும், நடுவுல ரப்பர்தான் முறுகிக் குடுக்கணும். ஆர்ம் தொங்குற நிலையில இறுக்கிட்டா, அதுக்கு அதுதான் சொந்த ஊர். வண்டியை இறக்கினதும் ரப்பர் முறுகி, ஆர்மைத் திரும்பக் கீழ தள்ளப் பாக்கும். வண்டி கொஞ்சம் தூக்கியே நிக்கும். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தொங்கலைன்னா, தூக்கலும் ஒரே மாதிரி இருக்காது. ரப்பர் சீக்கிரம் கிழியறது வேற நஷ்டம்.

ஐபோல்ட், கமான் பட்டை முன்கண்ணு, ஷேக்கிள் நட்டு எல்லாத்தையும் கழண்டு விழாத அளவுக்குத் தளத்துங்க. வண்டியை டயர்லயே நிறுத்தி முன்னும் பின்னும் நாலு தடவை உருட்டுங்க, நாலு மூலையிலயும் அழுத்தி ஆட்டுங்க. அப்புறம் கீழ படுத்து இறுக்குங்க. முதுகு வலிக்கும், வேற வழி இல்லை.

ஃபியட்பிரியன்

இதை எனக்கு அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி யாராவது சொல்லியிருந்தா ரெண்டு செட் புஷ் காசு மிச்சம்.

பள்ளத்தூரான்

செஞ்சாச்சு. முதுகு போச்சு. 6 நூல் இப்ப 4 நூல். வண்டி மொத்தமாவும் கொஞ்சம் இறங்கியிருக்கு, செக்காலை சொன்ன மாதிரியே.

இடையில ஒரு சந்தோஷம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல பழைய சாமான் கடையில பித்தளைக் குத்துவிளக்குக் குவியலுக்கு நடுவுல ஒரு மைனர் வீல் கப் கிடந்துச்சு. 'எம்' எழுத்தோட. கடைக்காரர் அதைத் தட்டுன்னு நெனச்சு விலை சொன்னார். நானும் தட்டுன்னே வாங்கிட்டேன்.

மிச்சம் 4 நூல். இப்பவாவது பல்லைத் தள்ளலாமா?

கமான்பட்டை

பின்பக்கம் அளந்தீர்களா என்று முதல் நாளே கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

பள்ளத்தூரான்

மன்னிக்கணும் அண்ணே. மைனர்ல பின் மட்கார்டு சக்கரத்துல பாதியை மூடிக்குது, பாக்கறதுக்கு ஒண்ணும் தெரியலை. சாய்வு முன்னாடிதானே தெரியுதுன்னு விட்டுட்டேன்.

கமான்பட்டை

சாய்வு எங்கே தெரிகிறது என்பது வேறு, எங்கிருந்து வருகிறது என்பது வேறு. கயிற்றுக் கட்டிலின் ஒரு காலுக்கு அடியில் செங்கல் வையுங்கள். அந்தக் காலும் அதற்கு எதிர்மூலைக் காலும் சுமையை வாங்கிக்கொள்ளும், மற்ற இரண்டும் சும்மா இருக்கும். காரிலும் அப்படித்தான். பின்னால் கிளீனர் சைடு (டிரைவருக்கு எதிர்ப்பக்கம்) பட்டை அதிக வளைவோடு நின்றால், முன்னால் டிரைவர் சைடு அழுந்தும். உங்கள் முன்பக்கத்தில் குறையே இல்லாமலும் இது நடக்கும். முப்பது வருஷம் லாரிப் பட்டை அடித்தவன் சொல்கிறேன். முன்னால் சாய்கிறது என்று வந்த வண்டிகளில் பல, பின்னால் பட்டையைச் சரிசெய்ததும் நிமிர்ந்து போயிருக்கின்றன.

சோதனை எளிது. முன் சக்கரங்களுக்குக் கட்டை போடுங்கள். பின்னால் அச்சு ஹவுசிங்கின் நடுவில், கிரவுன் பல்சக்கரம் இருக்கும் குண்டுக்கு அடியில், மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுங்கள். பின் டயர் இரண்டும் தரையை விட்டு ஒரு விரல் எழும்பினால் போதும். இப்போது பின்பக்கம் ஒரே புள்ளியில் நிற்கிறது, எந்தப் பக்கமும் தள்ளாது. முன்பக்கத்தை ஒருதரம் அழுத்தி விட்டு மறுபடி அளங்கள். 4 நூல் அப்படியே இருந்தால் குற்றவாளி டார்ஷன் பார். போய்விட்டால் கமான் பட்டை. பாதுகாப்புக்கு இரண்டு பக்கமும் ஸ்டாண்டு நிற்கட்டும், ஆனால் ஹவுசிங்கைத் தொடாமல். வண்டிக்குக் கீழே தலை போகக் கூடாது.

யாழ்_மைனர்

அருமையான சோதனை. நான் இதுவரைக்கும் பல்லைத் தள்ளித் தள்ளித்தான் பாத்தனான்.

பள்ளத்தூரான்

அண்ணே!

ஜாக்கி ஏத்துனதும் கண்ணாலேயே தெரிஞ்சுது. 4 நூல் போய் அரை நூல்தான் மிச்சம். ரெண்டு தடவை இறக்கி ஏத்திப் பாத்தேன், அதே கணக்கு. பின்னாடி ஹவுசிங்குக்கும் சேசிஸுக்கும் நடுவுல அளந்தா கிளீனர் சைடு 5 நூல் அதிகம். அப்பத்தா திண்ணையில உக்காந்து பாத்துட்டு "வண்டி நல்லாத்தானடா நிக்குது, இப்படியே விட்டுடு"ன்னாங்க. ஜாக்கி மேலேயே விட முடியுமா ஆத்தா.

கமான்பட்டை

இரண்டு பட்டையையும் இறக்குங்கள். பட்டையின் ஒரு முனைக் கண்ணிலிருந்து மறு முனைக் கண்ணுக்கு நூற்கயிறு கட்டுங்கள், மெயின் பட்டையின் நடுவிலிருந்து கயிறு வரை அளங்கள். ஒவ்வொரு பட்டையின் தடிமனையும் காலிப்பர் வைத்துப் பாருங்கள். இதை விட்டுவிட்டு வளைவை மட்டும் பார்க்காதீர்கள்.

பள்ளத்தூரான்

வளைவு கிளீனர் சைடு 5 நூல் அதிகம். பட்டறையில கண் அளவுல அடிச்சிருக்காங்க. காலிப்பர் கையில இல்லை, ஞாயித்துக்கிழமை, கடையும் இல்லை. அதனால வளைவை மட்டும் சரிபண்ணி வாங்கி மாட்டிட்டேன். புஷ்ஷை இந்தத் தடவை தரையில நிறுத்திதான் இறுக்கினேன். சும்மா நிக்கும்போது முன்னாடி அரை நூல், பின்னாடி மட்டம். முடிஞ்சுதுன்னு நெனச்சேன்.

குன்றக்குடிக்கு ஆத்தா, அத்தை, சித்தின்னு மூணு பேரையும் பின்சீட்டுல வெச்சுக் கிளம்பினேன். கோயில் வாசல்ல அவங்க இறங்கறதுக்கு முன்னாடி தூரத்துல நின்னு பாத்தேன். மறுபடி டிரைவர் பக்கம் சாய்ஞ்சு நிக்குது! சித்தி அந்தப் பக்கம் உக்காந்தாங்கன்னு சொல்லிப் பாத்தேன், வீட்டுல பெரிய சண்டை.

கமான்பட்டை

சித்தியிடம் மன்னிப்புக் கேளுங்கள். காலிப்பர் வாங்குங்கள்.

பள்ளத்தூரான்

வாங்கிட்டேன், கேட்டுட்டேன். ரெண்டு பக்கமும் பட்டை எண்ணிக்கை ஒண்ணுதான். ஆனா கிளீனர் சைடு மெயின் பட்டையும் ரெண்டாம் பட்டையும் மத்ததைவிடத் தடிமன். பழசு விரிசல் விட்டிருந்துச்சாம், கையில இருந்த வேற பட்டையில செஞ்சு மாட்டியிருக்காங்க. கேட்டா "தடிமனா இருந்தா நல்லதுதானே சார்"ங்கிறாங்க.

கமான்பட்டை

அதுதான். பட்டையின் விறைப்பு தடிமனின் மூன்றாம் மடிப்பில் ஏறும். தடிமன் கால் பங்கு கூடினால், ஒன்றேகாலை மூன்று தரம் பெருக்கிப் பாருங்கள், விறைப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பு. கண்ணுக்கு அரை நூல்கூட இல்லாத வித்தியாசம், தராசில் பெரிய வித்தியாசம். வளைவைச் சரிசெய்தபோது ஒரே ஒரு எடைக்கு மட்டும்தான் மட்டம் கிடைத்தது. பின்சீட்டில் ஆள் ஏறியதும் டிரைவர் சைடு பட்டை இறங்கியது, கிளீனர் சைடு பட்டை இறங்க மறுத்தது.

ஒரே பட்டைக் கம்பியிலிருந்து இரண்டு பக்கத்துக்கும் மெயின், இரண்டாம் பட்டை செய்யச் சொல்லுங்கள். பழைய டிரைவர் சைடு பட்டையின் தடிமன்தான் அளவு. துளை போடுவதும் கண் சுருட்டுவதும் முடிந்த பிறகே பதம் ஏற்ற வேண்டும். இரண்டையும் ஒரே நாளில், ஒரே சூட்டில் முடிக்கட்டும். பக்கத்தில் நில்லுங்கள். பட்டைகளுக்கு நடுவே துருவைத் தேய்த்து எடுத்து கிராஃபைட் கிரீஸ் பூசுங்கள், துரு பிடித்த பட்டைகளும் விறைப்பாகத்தான் நடந்துகொள்ளும்.

ஃபியட்பிரியன்

அண்ணே, ஆள் ஏறினா எப்படி நிக்கும்னு ஒவ்வொரு தடவையும் சித்தியைக் கூப்பிட முடியாதே?

செக்காலை_ஸ்பேனர்

அரிசிச் சிப்பம் இருக்கே. ஒண்ணு 25 கிலோ. மூணு சிப்பம் ஒரு ஆள்.

பள்ளத்தூரான்

பன்னெண்டு நாள் கழிச்சு வர்றேன்.

பட்டறையில நானே நின்னு ரெண்டு ஜோடிப் பட்டை செஞ்சு வாங்கினேன். நூல் கட்டி அளந்தா வளைவு ஒரே அளவு. மாட்டி, உருட்டி, ஆட்டி, தரையில நிறுத்தி இறுக்கியாச்சு. வாசல் தளத்துல, டயர் மட்டம் பாத்து எடுத்த கணக்கு:

சும்மா நிக்கும்போது முன்னாடி டிரைவர் சைடு அரை நூல் கம்மி, பின்னாடி சமம்.
டிரைவர் சீட்டுல மூணு சிப்பம் வெச்சா முன்னாடி 2 நூல் கம்மி.
அதோட பின்சீட்டுல ரெண்டு பக்கமும் மும்மூணு சிப்பம் ஏத்தினா அதே 2 நூல்தான், கூடலை.

பல்லைத் தள்ளவே இல்லை. சாப்பாட்டு அரிசியைக் கார்ல ஏத்தி இறக்கினதுக்கு அப்பத்தாகிட்ட வாங்கின திட்டு தனி.

யாழ்_மைனர்

அந்த அரை நூலைத் தொடாதேங்கோ. தனிய ஓடுற ஆளுக்கு வண்டி அரை இஞ்ச் சரிஞ்சு நிண்டாலே ஒருத்தருக்கும் தெரியாது. இனி டிரனியனுக்கு (கிங்பின் முனை திருகி நிக்கிற மூட்டு) தவறாமல் கிரீஸ் அடியுங்கோ. உயரத்தைப் பாத்துக்கொண்டு அதை மறந்தால், திருகுப் பல் தேய்ஞ்சு ஒருநாள் சக்கரம் அப்பிடியே மடங்கும். மைனரின்ர பெரிய வியாதி அதுதான். வீல் அலைன்மென்ட்டும் இப்ப பாக்கவேணும், உயரம் மாறினதால பழைய கணக்குச் சரிவராது.

கமான்பட்டை

பட்டை புதிது என்பதால் ஐந்நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு யூ போல்ட் நட்டுகளை ஒருமுறை இறுக்குங்கள். உங்கள் மெக்கானிக் சொன்ன "ஓட ஓட செட்" அந்த அளவுக்குத்தான் உண்மை. டீ பாக்கி இருக்கிறது.

பள்ளத்தூரான்

அடுத்த ஞாயிறு வண்டியிலயே வந்து வாங்கித் தர்றேன் அண்ணே. அலைன்மென்ட் நாளைக்கு. பிரேக் போட்டா கிளீனர் பக்கம் லேசா இழுக்குது, அதுக்குத் தனியா ஒரு இழை போடுறேன், எல்லாரும் அங்க வாங்க.